ஊற்றில் வந்த நுரை

தண்ணீர் கேனைத் திறந்ததும் சோப்பு வாசனை அடித்தது. "கேனைக் கழுவின வாசனைப்பா, குடி" என்றாள் மகள். நாற்பத்தைந்து வயது வீரனான நான் இரண்டடி பின்வாங்கினேன்.

1991இல் மணிமங்கலம் பக்கத்து ஆற்றில் நுரை மிதந்து வந்தது. ஆற்றின் மேற்பக்கம் எவனோ ஆலைக் கழிவைத் திறந்துவிட்டிருந்தான். "மேலதான்டா நாறுது, மணல் வடிகட்டிடும்" என்று அம்மா வழக்கம்போல் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினாள். முதல் சொம்பை நான் குடித்தேன். குடித்த பிறகுதான் நாக்கு கசந்தது.

"டேய், நுரை கக்கி சாவப்போறே!" என்றான் பக்கத்து வீட்டு சேகர்.

மறுநாள் காலை ஒன்றுக்குப் போனால் நுரை! ஊரே அதிர அலறினேன். "எல்லாருக்கும் அப்டித்தான்டா வரும், லூசு" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். ஊற்றைக் கையால் கலக்கினாள். அதிலும் நுரை பொங்கியது. "அடியிலயும் பூந்துடுச்சே, இனிமே இன்னாத்தடா குடிக்கிறது?" என்றவள், சவக்குழியை மூடுவதுபோல் மணலைத் தள்ளி ஊற்றை மூடினாள்.

"நீ குடிக்கலன்னா போ" என்று மகள் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். பாய்ந்து பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு நானே குடித்தேன்.

நுரை வருகிறதா என்று நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்.