கிளினிக் நாளுக்காக விழுங்கிய மாத்திரை

எஹலியகொடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறேன். பிரஷர் மாத்திரையைக் காலையில் குடித்தால் அடிக்கடி சிறுநீர் வரும். ரப்பர் மலையில் பொம்பளைகளுக்கு மறைவிடம் ஏது? அதனால் கிளினிக்குக்கு முந்திய நான்கைந்து நாட்கள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். பிரஷரும் சரியாகவே காட்டும்.

போன மாதம் இரத்தம் எடுத்தார்கள். கையிலும் காலிலும் பட்டி கட்டி இரத்தக் குழாயையும் சோதித்தார்கள். முடிவு சொல்ல அழைத்த அன்று பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்தெழுந்து நடந்தேன்.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு. ஆனா கிட்னி பழுதாகத் தொடங்கியிருக்குன்னு இரத்தம் காட்டுது. குழாயும் பழைய ரப்பர் மாதிரி வெறச்சுப் போயிருக்கு. மாத்திரை தினமும் குடிக்கிறீங்களா?"

உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"இத முதல்லயே சொல்லியிருந்தா நேரத்த மாத்தித் தந்திருப்பேனே!"

அவர் சொன்னபடி இப்போது மத்தியானம் வேலை முடிந்து வந்து, பகல் சோற்றுக்குப் பிறகு தினமும் குடிக்கிறேன். விறைத்த குழாய் இளகாதோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

கிளினிக் வரிசையில் நிற்கும் எங்கள் பெண்களிடம், "நேத்தும் இன்னைக்கும் மட்டுந்தான் குடிச்சீங்களா?" என்று கேட்கிறேன். யாரும் மறுப்பதில்லை.

"மெதுவா பேசுங்கக்கா" என்கிறார்கள்.