வால் அளந்த ஈர்க்கு

“உனக்கு இன்னொரு நாய் ஆவாது புள்ள. கொண்டுபோனாலும் வேத்து முகமாத்தான் பாப்ப” என்றாள் சின்னம்மா. அவள் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை எனக்குத் தருவதாகச் சொன்னவளும் அவள்தான்.

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் செவலை நாய் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து பாலக்கோட்டுக்கு பஸ். தினமும் சாயங்காலம் செவலை சாலையோரம் வந்து காத்திருக்கும். ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் இறங்கிய அன்று, என்னைப் பார்த்த சந்தோஷத்தில் குறுக்கே ஓடிவந்தது. கரும்பு டிராக்டர் வந்ததை அது பார்க்கவில்லை. என்னால்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தருமபுரியில் கல்லூரியில் சேர்ந்த பிறகும், பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த இடத்தைப் பார்க்காமல்தான் நடப்பேன்.

வீம்புக்காகத்தான் குட்டியை வாங்கிவந்தேன். கறுப்புக் குட்டி. சோறு வைத்தேன், தொட்டுத் தூக்கவில்லை. அது இரண்டு முறை தக்காளித் தோட்டத்துக்குள் புகுந்து தாயிடமே ஓடிவிட்டது.

“வாலை அளந்து ஈக்கு செருகாம எப்படி நிக்கும்?” என்றாள் அம்மா. விளக்குமாற்று ஈர்க்கைக் குட்டியின் வால் நீளத்துக்கு ஒடித்துக் கூரையில் செருகினால் அது பழைய வீட்டை மறந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா.”

“ஏம்மா, காலேஜில ஈக்குப் பாடம் இன்னும் நடத்தலியா?” என்று அப்பா சிரித்தார்.

“செவலைக்கு வெச்ச பழைய ஈக்கு அடுப்பு மேல கூரையில இருக்குது. அத எடுத்துப் போட்டுட்டு இத வையி கண்ணு” என்றாள் அம்மா.

உரல்மேல் ஏறித் துழாவினேன். புகை படிந்து கறுத்த ஈர்க்கு கையில் வந்தது. எறிய மனம் வரவில்லை. கீழே இறங்கி, சும்மா, குட்டியின் வாலோடு வைத்துப் பார்த்தேன். நுனி முதல் அடி வரை சரியாக இருந்தது. நான்கு விரற்கடை. செவலை என்றால் என் இடுப்பில் கால்வைத்து நிற்கும் பெரிய நாய்தான் என் நினைவில் இருந்தது. அதுவும் ஒருநாள் இவ்வளவு சின்னதாய், தாயைத் தேடி அழுதுகொண்டு வந்ததை மறந்தே போயிருந்தேன்.

குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது ஈர்க்கின் முனையைக் கடித்தது. புதிதாக ஒன்று ஒடித்து, இரண்டையும் சேர்த்துச் செருகினேன்.

“ரெண்டையும் வெச்சா எப்படி?”

“ரெண்டும் இருக்கட்டும்மா.”

குட்டி அதற்குப் பிறகும் ஒருமுறை ஓடியது. நானே போய்த் தூக்கிவந்தேன்.

இப்போது சாயங்காலம் பஸ் வரும் நேரம் அதற்கும் தெரிந்துவிட்டது. வாய்க்கால் மேட்டில், சாலைக்கு இந்தப் பக்கம், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முளை அடித்தேன். கயிற்றையும் நானே அளந்து கட்டினேன். குட்டி தலையைத் தூக்கினால் பஸ் தெரியும், சாலை எட்டாது.