காதரின் சட்டை

பாண்டிச்சேரி போய்வந்த பேரனின் கால்சட்டையை உதறியபோது, பையிலிருந்து கடல்மணல் கொட்டியது. பெருக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பதுகளில் சூளகிரியிலிருந்து எங்கள் எட்டாம் வகுப்பை வாத்தியார் பஸ்ஸில் மகாபலிபுரம் கூட்டிப்போனார். மகாபலிபுரம் நெருங்கியதும், சவுக்குத் தோப்புகளுக்கிடையே கடல் தெரியும்போதெல்லாம் கத்தினோம்.

கரையில் என் சிநேகிதன் காதர், ரம்ஜானுக்குத் தைத்த சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

"பாத்துக்கடா. ஒரு முழுக்கு போட்டுட்டு ஓடியாந்துடறேன்."

ஏரியில் குளிக்கும்போது வைப்பதுபோல, தண்ணீரிலிருந்து நாலடி தள்ளி வைத்துவிட்டுச் சிப்பி பொறுக்கப் போனேன். கடலும் ஒரே இடத்தில் நிற்கும் என்று நினைத்திருந்தேன். திரும்பியபோது சட்டை இல்லை.

"எவன்டா அங்க வெச்சது?" என்றார் வாத்தியார்.

"அவன்தான் சார்" என்றேன்.

காதருக்கு அறை விழுந்தது. என்னைப் பார்த்தான்; போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

"கடலுக்கே சட்டை போட்டுட்டான்டா!" என்று பஸ்ஸில் பையன்கள் சிரித்தார்கள். கிருஷ்ணகிரி தாண்டியதும் விடியற்காலைக் குளிரில் காதர் வெற்றுடம்போடு நடுங்கினான். என் பையில் இன்னொரு சட்டை இருந்தது. கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கொடுக்கவில்லை.

சூளகிரியில் அவன் அம்மா காத்திருந்தார். "சட்டை எங்கடா?"

"அலை இழுத்துட்டுப் போயிடுச்சும்மா. இவன் புடிக்கத்தான் ஓடினான், கிடைக்கல."

"அதுக்குன்னு தண்ணில எறங்கலாமா, தம்பி? உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று அவர் என் தலையைத் தடவினார்.

அந்தக் கைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாழ்நாள் முழுக்க ஒரே ஊரில் இருந்தோம். போன மாதம் அவன் இறக்கும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.