கம்பைல் ஓடும்போது பக்கத்தில் இருந்தவர்கள்

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்கிற வேலையில், திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை; நின்றுவிட்டால்தான் பயம். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் நாலு வரி. டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்து, படம், பாட்டு, கேமரா எல்லாவற்றையும் ரிமோட்டில் பார்க்க வைக்கிற மென்பொருளுக்கு மீடியா சென்டர் என்று பெயர். பெரும்பாலும் தயாராகவே கிடைக்கும், இறக்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப் பழசாக இருந்தாலோ, விசேஷமான கார்டு ஏதாவது சொருகியிருந்தாலோ தயார் சரக்கு சில சமயம் ஓடாது. அப்போது அதன் மூல நிரலை எடுத்து அந்த மெஷினிலேயே முதலிலிருந்து கட்ட வேண்டும். அதுதான் கம்பைல். இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். திருத்தணியிலிருந்து காலை ரயிலில் திருப்பதிக்கு வந்து, சலபதி என்கிற கூட்டாளியோடு கடை வைத்து ஒன்பது வருஷமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முகூர்த்தம் ஒன்பதேகாலுக்கு

சித்தூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடை மாடியில். பெண்ணின் அம்மா கமலாவுக்குக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. லிஃப்ட் கிடையாது. நாற்காலியோடு தூக்கிப் போகவும் டாக்டர் சம்மதிக்கவில்லை. கீழே ஓர் அறையில் படுத்தபடி டிவியில் பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் மண்டபத்து டெஸ்க்டாப்பில் இருந்த கேமரா கார்டை மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கு நான் அந்த அறையில் இருந்தேன்.

கார்டுக்கான திருத்தத்தைச் சேர்த்து கம்பைலைத் தொடங்கினேன். எழுபத்தொரு சதவீதத்தில் மெமரி போதாமல் ‘கில்டு’, அதாவது கொன்றாயிற்று, என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு நின்றது. அவசரத்தில் நாலு வேலையை ஒரே சமயத்தில் ஓடவிட்டது என் தப்பு. ஒன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டினேன். எட்டரை மணிக்கு எண்பத்து நாலு. கமலா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்பது பத்துக்கு முடிந்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. நான் ஒலி அமைப்பைத் திறந்து தேடத் தொடங்கியபோது மேலே மேளம் வேகமெடுத்தது. கமலா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். “சத்தம் வாணாம்மா. மேளம் மேலேர்ந்தே கேக்குது. எம் பொண்ணு மூஞ்சி தெரியுது, இனிமே அத்த தொடாத.”

மஞ்சள் வரிகள்

முனிசாமி ரிட்டயர்டு பஸ் டிரைவர். திருமலைக்கு மலைப்பாதையில் ஓட்டியவர். தன் டெஸ்க்டாப்பை ஆட்டோவில் வைத்து எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு குப்பம் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் பேரனுக்குப் பிறந்தநாள், அதற்குள் அங்கே டிவியில் மாட்டிவிட வேண்டும் என்றார். காலை பத்துக்குத் தொடங்கினேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருந்தார்.

கம்பைல் ஓடும்போது நடுநடுவே மஞ்சளில் ‘வார்னிங்’ என்று வரும். எழுதியவர்கள் விட்டுவைத்த சின்னச் சின்னக் குறைகள், நாம் யாரும் கண்டுகொள்வதில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இரண்டரை மணிக்குத் தொண்ணூற்றாறு சதவீதம். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். திரை கறுப்பாக இருந்தது. முனிசாமி பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி எழுதிய கோப்புகள் எல்லாம் கெட்டுப்போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. நாலு மணி பஸ் போய்விட்டது. என்ன சார் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கேட்டேன். “இருவத்தாறு வருசம் மலை மேல வண்டி ஓட்னவன் நான். வார்னிங் வந்தா நிறுத்திட்டு எறங்கிப் பாப்பேன். உன் மெசினு காலையிலேர்ந்து சொல்லிக்கினே இருக்குது, நீ டீ குடிக்கப் பூட்ட.”

ஒரு நட்சத்திரக் குறி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். குப்பம் பக்கம், எல்லையோரக் கிராமம். செல்வி என்கிற பெண்ணின் வீடு. அவள் குடும்பத்துக்கு ஒரு தலைமுறைக்கு முன்புவரை சொந்த நிலம் கிடையாது. நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா கிரானைட் குவாரியில் கூலி வேலை செய்து, கொஞ்சம் நிலம் வாங்கி, கடைசியில் அந்த வீட்டைக் கட்டினார். புதுமனை புகுவதற்கு ஒரு மாதம் முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். வீடு கட்டும்போது எடுத்த வீடியோக்கள் எல்லாம் அந்த டெஸ்க்டாப்பில் இருந்தன. அவற்றை டிவியில் போட்டுப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

பாதியில் ஹார்ட் டிஸ்க் நிறைந்து கம்பைல் நின்றது. அன்று அதற்குமுன் நான் ஓட்டித் தோற்ற முயற்சிகள் ஆங்கிலத்தில் ‘பில்டு’ என்கிற பெயரில் மூன்று நாலு ஃபோல்டராகக் கிடந்தன. அந்த எழுத்துகளில் தொடங்குவது எல்லாவற்றையும் அழி என்று பொருள்படும்படி ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கட்டளை கொடுத்தேன். நாலு ஜிபி காலியாக வேண்டும். பதினெட்டு காலியானது. செல்வி வீடியோக்களை வைத்திருந்த ஃபோல்டரின் பெயர் ‘பில்டிங்’.

அந்த நொடியே பிளக்கைப் பிடுங்கினேன். அழிந்த இடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படாவிட்டால் மீட்க வழி உண்டு. செல்வி அடுக்களையிலிருந்து, “அக்கா, துன்னுட்டு செய்யலாம் வா” என்று கூப்பிட்டாள். பொய் சொல்லி நேரம் வாங்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், வாய் வரவில்லை. போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி மீட்கிற வேலையைத் தொடங்கினேன். நாலரை மணி நேரம். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

முப்பத்தெட்டு கோப்புகள் கிடைத்தன. பெயர்கள் அழிந்து வெறும் எண்களாக இருந்தன. முதலாவதில் செங்கல் அடுக்கு. இரண்டாவது திறக்கவே இல்லை. மூன்றாவதில் கலவை. ஐந்தாவதில் ஒருவர் புதுச்சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “ஃபோன அப்பால வையி, வேலையப் பாரு” என்று அதட்டினார். செல்வி திரைக்குக் கிட்டே வந்து நின்றாள். முப்பத்தாறு திறந்தன, இரண்டு போனது போனதுதான். எந்த நாளில் எடுத்தது எது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது, பெயர்கள் போய்விட்டன என்று மெதுவாகச் சொன்னேன். “பேரு போனா போவட்டும்க்கா. எங்க நைனா மொகத்துக்குப் பேரு எழுதி ஒட்டணுமா.”

ஒரே ஃபேன்

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் பெண்கள் தங்கும் விடுதி. மே மாதம். பொதுக் கூடத்தில் டிவி வேலை செய்யாமல் ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று அஞ்சு மணிக்குள் ஓடவில்லையென்றால் டிவியைக் கழற்றி ஆபீஸ் ரூமில் மாட்டிவிடுவேன் என்று வார்டன் சொல்லியிருந்தார். மெஷின் சூடாகி இரண்டு தடவை தானே அணைந்தது. மணி இரண்டு. மேலே இருந்த மின்விசிறி எரிந்துபோய்க் கிடந்தது. கூடத்தில் ஒரே ஒரு டேபிள் ஃபேன்தான். சிபியூவின் மூடியைக் கழற்றிவிட்டு அதை அந்தப் பக்கம் திருப்பினேன்.

அந்த நேரம் பார்த்து ஷிப்டு முடிந்து முப்பது பேர் உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் மூடியால் விசிறிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு ஐம்பதுக்கு வார்டன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றார். நாலு ஐம்பத்து மூன்றுக்குப் படம் வந்தது. பொன்னேரியிலிருந்து வந்திருந்த ரேவதி எழுந்து ஃபேனைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னாள். “ஆறு மாசமா இந்த ஃபேனுக்கு நாங்க சண்ட போட்டுக்கினு இருக்கோம்க்கா. ஒரு பொட்டி வந்து மூணு மணி நேரம் முழுசா வாங்கிக்கினு பூட்ச்சி.”

இத்தனை வருஷத்தில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான், எல்லாம் நல்லபடியாக முடிந்து வீட்டார் அத்தனை பேரும் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் ரிமோட்டில் பேட்டரி இல்லை என்பது தெரியவரும்.