வீடு பார்க்கப் போனால் எல்லாக் கதவையும் திறக்கச் சொல்லுங்கள்

பினாங்கில் வீடு விற்கிறவரே வாசலில் வந்து நின்று, குழாயைத் திறந்து பார், சுவரைத் தட்டிப் பார் என்கிறார். எனக்கு அதுவே விநோதமாக இருந்தது. போன மாதம் நானும் என் வீட்டுக்காரர் அருளப்பனும் பார்க்கப்போன வீட்டின் சொந்தக்காரர் ஒரு சீனக் கிழவர். பின்கட்டில் ஓர் அறை மட்டும் சாத்தியிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "டாலாம் அடா ஓராங்?" என்று கேட்டேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். அவர் பதறிப்போய், "ஹந்து தாடா! ஹந்து தாடா!" என்று கையை ஆட்டினார். பேய் கிடையாதாம். கதவையும் விரியத் திறந்துவிட்டார். பழைய கட்டில் ஒன்றுதான் கிடந்தது. அருளப்பன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. உயிருள்ள மனுஷியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டிய ஊரில் பிறந்தவள்.

அது மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம். பினாங்கிலிருந்து கப்பலில் நாகப்பட்டினம் போய், ரயில் மாறி, சொந்த ஊரான தங்கச்சிமடத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு வீடு வாங்கிப் போட்டால் வயதான காலத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை. தரகர் ஒருவர், சவரிமுத்து என்பவரின் ஓட்டு வீட்டைக் காட்டக் கூட்டிப்போனார். வாசலிலேயே என்னிடம், "தாயி, நீங்க இங்கன நெழல்ல இருங்க. ஆம்பளைக பாத்துட்டு வந்துருறோம்" என்றார். சமைக்கப் போகிறவள் நான், அடுப்படியைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்களாம். விறுவிறுவென்று உள்ளே நடந்தேன். கிணற்றில் இறைத்துக் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. கடல்காற்று அரித்த சன்னல் கம்பிகளை அசைத்துப் பார்த்தேன். கொல்லைப்பக்க அறையில் புதுப்பூட்டு தொங்கியது.

"சாவி கொழும்புல இருக்க என் தம்பிகிட்ட இருக்கு" என்றார் சவரிமுத்து. சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே இருமல் கேட்டது.

"என்ன அது?"

"கோழி அடைச்சிருக்கோம்."

"கோழி இல்ல தாயி," என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான், அந்தோணியம்மா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெறங்கய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். சவரிமுத்து மடியிலிருந்து சாவியை எடுத்தார். கொழும்பு அவர் இடுப்பிலேயே இருந்தது! வெளியே வந்தவள் அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி. வேர்த்து நனைந்திருந்தாள். "இந்த வீடு என் புருசன் கடலுக்குப் போயிச் சம்பாரிச்சுக் கட்டினது. நான் இருக்கது தெரிஞ்சா நீங்க வாங்க மாட்டீகன்னு அடைச்சுப் போட்டாக" என்றாள். அழவில்லை. தண்ணீர்தான் கேட்டாள்.

"கிரயம் முடிஞ்சதும் அது போயிரும்" என்றார் தரகர். அது! "எங்க போகும்?" என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்து நடந்தார். அருளப்பன்கூட என் கையைப் பிடித்து, "நமக்கு எதுக்கு வம்பு, வா" என்றார். இந்த வீடு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் வம்பை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் கூடி நின்றபோது போய், அந்தோணியம்மாளின் பங்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மலாயாக்காரிக்கு இங்கன என்ன பேச்சு?" என்றார். நான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் வாசல் அது.

மறு வருஷம் வீட்டை வேறொருவர் வாங்கினார். அந்த அறையை அவர் திறந்து பார்த்தாரா, பார்த்தும் வாயை மூடிக்கொண்டாரா, தெரியாது. அந்தோணியம்மாள் பாம்பனில் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு மீன் காயப்போடுகிறாள் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

வீடு வாங்கப்போகிற என் ஊர்க்காரர்களே, ஓட்டையும் கிணற்றையும் பார்க்க வேண்டியதுதான். அது போதாது. பெண்களை வாசலில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கதவையும் திறக்கச் சொல்லுங்கள். சாவி இல்லை என்றால், சாவி வரும்வரை அச்சாரம் கொடுக்காதீர்கள். இந்த வீட்டில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். உள்ளே இருப்பவரிடமே முகம் பார்த்துக் கேளுங்கள், எங்கே போவீர்கள் என்று. அந்தப் பதிலைக் கேட்டபின் உங்களுக்கு அந்த வீட்டில் தூக்கம் வருமா என்று யோசியுங்கள்.

சீனக் கிழவரின் வீட்டை நாங்கள் வாங்கிவிட்டோம். பக்கத்து வீட்டு மலாய்க்காரி அன்பாகத்தான் கேட்கிறாள், "பிலா பாலிக்?" எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறாய் என்று. நாகப்பட்டினம் போகிற கப்பல் துறைமுகத்தில் ஊதும்போது, அடுப்பில் கிண்டுகிற கை அப்படியே நின்றுவிடுகிறது.

"இந்தத் தடவ போவமா?" என்கிறார் அருளப்பன்.

"போயி எங்கன தங்க?" என்கிறேன்.

இன்னொரு தரம் ஊதிவிட்டுக் கப்பல் போய்விடுகிறது.