‘காணும்’ என்று சொன்னேன்

முதலில் வளைந்தது பூஜை அறையின் கதவு நிலை. காலையில் விளக்கேற்றப் போனபோது, நேராக நிற்க வேண்டிய மரச்சட்டம் நடுவில் வயிறு தள்ளி நின்றது. கரையான் வேலை என்று நினைத்து என் கணவர் சிவதாணுவைக் கூப்பிட்டேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, “நிலை நேராத்தான் இருக்கு. உனக்குத்தான் எல்லாம் கோணலாத் தெரியுது” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவருவதுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் விட்டேன். உங்களில் யாருக்காவது நேர்கோடு வளைந்து தெரிந்தால் இரண்டு நாள்கூட விடாதீர்கள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். நடுக்கட்டங்களைக் காணவில்லை. மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி, முகத்தையும் எழுத்தையும் பார்ப்பது இதனால்தான்) கெட்டுவிட்டது. இடது கண்ணில் அது எப்போதோ தழும்பாகிவிட்டதாம். வலது கண்ணில் இப்போது கசிவு. மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே.

“போயது திரிச்சு வரில்லா டீச்சரே. உள்ளது நோக்காம்” என்றார் மலையாளத்தில். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம். மரத்துப்போன கண்ணில் ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. பயம்தான் வலித்தது.

அவர் என்னை டீச்சர் என்றதற்குக் காரணம் உண்டு. இந்த நகரத்துக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு வருடம் தத்துவம் நடத்தினேன். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் புலனறிவைப் பற்றி அடித்துக்கொண்ட சண்டை என் பாடம். நாம் மரத்தைப் பார்ப்பதில்லை, மரத்தின் மனப்படிமத்தைத்தான் (மனதில் விழும் பிரதி) பார்க்கிறோம் என்றார்கள் ஒரு சாரார். மூலத்தைப் பார்க்கவே முடியாதென்றால் பிரதி சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள் மற்றவர்கள். ஒருவர் ஒரேயடியாக, காணப்படுவதே இருப்பது, அதற்குப் பின்னால் வேறொன்றும் கிடையாது என்றார்.

அவரை விளக்க எனக்கு ஒரு வீட்டுச் சொல் உதவியது. மலையாளத்தில் ‘காணும்’ என்றால் ‘இருக்கும்’. அவன் ஆபீஸில் காணும் என்றால் அங்கே இருப்பான் என்று அர்த்தம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இந்த நகரத்துக் கரமனையில் இருக்கும் எங்கள் தமிழிலும் அது ஒட்டிக்கொண்டது. “உங்கள் பாஷையே அவர் கட்சிதான்” என்பேன். வகுப்பு சிரிக்கும். மதுரைப் பக்கம் அதே சொல்லுக்குக் ‘காணோம்’ என்று நேர் எதிரான அர்த்தம் உண்டு. அதை வகுப்பில் சொன்னதில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு காட்சிகள் வந்தன. முதலில் வெற்றுச் சுவரில் பின்னல் கோலம். பிறகு வெள்ளை வேட்டி கட்டிய ஆட்கள், சத்தமே இல்லாமல். பைத்தியம் இல்லை, காட்சிப் பிரமை (கண்ணிலிருந்து செய்தி குறையும்போது மூளை தானே வரைந்து நிரப்புவது) என்றார் டாக்டரம்மா. “காணுன்னதெல்லாம் விஸ்வசிக்கண்டா. சம்சயம் தோன்னியால் தொட்டு நோக்கணம்.” பார்ப்பதையெல்லாம் நம்ப வேண்டாம், சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. நடத்திய பாடம் வீடு தேடி வந்திருக்கிறதே! டாக்டர் சொன்ன முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன், இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன்.

“இன்னைக்கு விருந்தாளி யாருட்டி?” என்பார் இவர்.

“மூணு பேரு. எல்லாம் வெள்ளை வேட்டி.”

“காப்பி வேணுமான்னு கேளு.”

அன்று மதியம் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜைக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே தரையில் வெள்ளையாக ஒரு குவியல் கிடந்தது. கை, கால் மாதிரியும் இருந்தது. இவர் கொடியில் துணி எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். குனியச் சோம்பல். “உன்னை எனக்குத் தெரியும், போ” என்று வாய்விட்டுச் சொல்லி, அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. மருமகள். மதுரைப் பெண், எங்கள் குடும்பத்துக்கு வந்து எட்டு மாதம்தான்.

“அத்தே, மாமா எங்க? போன் எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“மாமா வீட்டில காணும். கண்ணு உறுத்துது, அப்புறம் பேசுதேன்” என்று வைத்துவிட்டேன்.

இருப்பார் என்றேன் நான். காணோம் என்று காதில் வாங்கினாள் அவள். பதறிப்போய் மேல் வீட்டு லதாவுக்குப் போன் செய்திருக்கிறாள். லதா மூச்சிரைக்க ஓடிவந்து, “அங்கிளினெ காணானில்லெந்நு…” அங்கிளைக் காணவில்லையாமே என்று ஆரம்பித்தவள், பாதியில் தரையைப் பார்த்து அலறினாள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது). ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நேரக்கெடு உண்டு, நல்லவேளை அதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எல்லோரும் மருமகளை மெச்சினார்கள். என்னைப் பார்த்து, பாவம், கண் தெரியாதவள் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பார்த்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் இவருக்குப் பேச்சு திரும்பியது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

“நீ… என்னைச் சுத்திப் போனே.”

கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். கூப்பிட முடியல்ல. நீ ‘போ’ன்னு சொன்னதும்… நான் நெசமா இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு.”

அவர் சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால் மட்டும். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது என் கசிவு அடங்கியிருக்கிறது. அவர் வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறார். காட்சிகள் குறைந்துவிட்டன, ஒன்றைத் தவிர. மதியத்தில் அதே இடத்தில் அந்த வெள்ளைக் குவியல் வருகிறது. முழங்கால் கடகடக்கத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். கண் பார்த்ததைக் கை தொடுவதற்குள் ஒரு நாள் முழுவதும் கழிவதுபோல் இருக்கும். நாற்காலியிலிருந்து இவர், “நான் இங்கதான் காணும்” என்று குரல் கொடுப்பார். ஆனாலும் தரையைத் தொட்டுவிட்டுத்தான் எழுவேன்.

நேற்று அந்தக் குரல் வரவில்லை. கையை நீட்டினேன். வெறும் தரை. நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அங்கேயும் வெள்ளையாகத்தான் ஏதோ தெரிந்தது. நான்கு அடி நடந்து போய்த் தொட்டேன். சூடாக இருந்தது. தூங்கிப்போயிருக்கிறார். அவர் விழிக்கும்வரை கையை எடுக்கவில்லை.