ஈசாக்கின் விரல்கள்

வருகிறவரின் முழங்கையைப் பிடித்து, ஓவியத்தில் இருக்கிற மாதிரியே மடக்கி வைத்துவிட்டுத்தான் அக்கா வாயைத் திறப்பார். பார்வையில்லாதவர்களுக்கு ஓவியங்களை விவரித்துச் சொல்வது அவர் வேலை. அந்த ஓவியக் கூடத்துக்குக் காவல் என் வேலை. காவல் நேரத்தில் பாதி அவர் பேச்சைக் கேட்பதிலேயே போய்விடுகிறது. மேலிடத்தில் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

நிறத்தின் பெயரைச் சொல்லி நழுவுகிற ஆள் இல்லை அவர். "சிவப்புன்னா, காய்ச்சல்ல நெத்தியைத் தொட்டா சுடுமே, அது" என்பார். கூட வந்தவர் யாராவது 'பாவம்' என்று உச்சுக்கொட்டினால் போச்சு, திரும்பி ஒரு முறை முறைப்பார். சும்மா நிற்கிற எனக்கே உதறல் எடுக்கும்.

போன வாரம், பார்வை போய்விட்ட தையல்காரர் ஒருவர் இளைய மகனோடு வந்தார். மகனுக்கே காதோரம் நரைத்திருந்தது. கூடத்தின் பெரிய படம் பைபிள் கதை. கண் தெரியாத ஈசாக்கிடம் இளையவன் யாக்கோபு, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் ரோமமுள்ள மூத்தவன் ஏசாவாக நடித்து ஆசீர்வாதம் வாங்குகிறான். சுவரில் எழுதியிருந்ததைப் படித்ததும் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்காவை ஓரமாக அழைத்துப் போனார். கோபித்துக்கொண்டு போன அண்ணன் அப்பாவுக்குப் போனே செய்வதில்லையாம். வாராவாரம் இவரே மாடியிலிருந்து போன் போட்டு அண்ணன் குரலில் பேசுகிறாராம். இந்தப் படத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்.

அதற்குள் தையல்காரர், எதிரில் என்ன படம் என்று கேட்டுவிட்டார்.

"கேக்கறவர்கிட்ட மாத்திச் சொல்ல எனக்கு வராதுப்பா" என்று மகனிடம் மெல்லச் சொன்னார் அக்கா.

வழக்கம்போல அப்பாவை நாற்காலியில் உட்கார்த்தி, மகனை எதிரே மண்டியிடச் செய்து, பெரியவரின் கையை மகன் கைமேல் எடுத்து வைத்தார். ஆட்டுத்தோல், குரல், நடிப்பு எதையும் விடாமல் சொன்னார். மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஈசாக்கோட விரல் தேடலைங்க, ஐயா. தேடினா நுனி அழுந்தும். இது சும்மா படிஞ்சிருக்கு. வரைஞ்சவர் என்ன நினைச்சாரோ, ஈசாக்குக்குத் தெரிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது."

"தெரியாம இருக்குமாம்மா, பெத்த பிள்ளை குரல்?" என்றார் தையல்காரர். "இவன் பேசி முடிக்கறப்பல்லாம் ஒரு இருமல் இருமுவான். பெரியவனுக்கு ஏது இருமல்? தெரியும்னு சொல்லிட்டா நிறுத்திடுவானேன்னுதான் சொல்லலை."

மகன் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

அந்த பைபிள் கதையில் இன்னும் பாக்கி உண்டு. மூத்தவன் வந்து நிற்பான், வாய்விட்டு அழுவான். அக்கா அதைத் தொடங்கவேயில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, கூடத்தின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.